கண்ணும் கமராச் சாளரமும்

கமரா வாங்க விழைவோர், ‘ஆடி உள்ளதா, ஆடி அற்றதா?’ என்று வினவுவது இன்று வழக்கமாகிவிட்டது. விலையையும் எடையையும் கடைக்காரரே விளக்குவார். கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சிறு சாளரத்தைப் பற்றியே நான் கூற விரும்புகின்றேன். மாணவர் கையில் எதனைக் கொடுப்பது என்பதை என்னளவில் அதுவே தீர்மானிக்கின்றது.

டி.எஸ்.எல்.ஆர். கமராவில் வில்லையினூடாக வரும் ஒளி, 45 பாகை சாய்ந்த ஆடியிற் பட்டு மேலெழுந்து, பெரும்பாலும் ஐங்கோண அரியமொன்றின் வழியே நேராகிக் கண்ணை அடைகின்றது. காட்சியைக் காட்ட மின்சாரம் வேண்டியதில்லை. ஆதலால், கந்தளாய்க் குளக்கட்டில் நின்று, கொக்கு எப்போது சிறகு விரிக்குமென்று அரைமணி நேரம் பார்த்திருந்தாலும் பற்றரி பெரிதுங் குறையாது. ஆனால் விசையை அழுத்தியதும் ஆடி மேலே மடியும். கண்முன் கணநேரம் இருள். படம் பதியும் அக்கணத்தை மாத்திரம் படம் எடுப்பவர் காண்பதில்லை! விந்தைதான். 1954இல் வந்த ஜப்பானிய அசாகிபிளெக்ஸில் ஆடி உடனே மீண்டிறங்கியது. அதற்கு முந்திய பல கமராக்களில் அவ்விருள் அடுத்த படத்துக்கு ஆயத்தஞ் செய்யும்வரை நீடித்தது.

பனாசோனிக் ஜி1 என்னும் கமராவுடன் 2008இல் வேறொரு வழி திறந்தது. இங்கே ஆடி இல்லை. ஒளி நேரே உணரியில் விழ, சாளரத்துள் இருக்கும் சின்னஞ்சிறு திரை அதனைக் காட்டுகின்றது. வெள்ளைக் கொக்கு உச்சிவெயிலில் வெறும் வெண்பொட்டாகிவிடுமாயின், விசையை அழுத்துமுன்பே அது தெரிந்துவிடும். கற்பவனுக்கு இதனினும் நல்லாசான் வேறில்லை. ஆயினும் திரை மின்சாரத்தை உண்ணும். நியமச் சோதனையின்படி, ஒருமுறை மின்னேற்றினால் 2017இல் வந்த நிக்கோன் டி850 1840 படங்களும், ஆடியற்ற நிக்கோன் இசட்7 (2018) 330 படங்களும் எடுக்கும்.

இனி, கண்ணின் பாதுகாப்பு. 2019 டிசெம்பர் 26ஆந் திகதி வட இலங்கையிற் கங்கண சூரியகிரகணம் தெரிந்தது. அத்தகைய வேளையில் ஆடிக் கமராவினூடே சூரியனைப் பார்த்தால், வில்லை குவித்த கதிர் நேரே விழித்திரையைச் சுட்டுவிடும். வலி தோன்றாமலே பார்வை கெடலாம். ஆடியற்றதில் கண் தப்பும், உணரிதான் கருகும். எதுவாயினும் வில்லையின் முன்னே சூரிய வடிகட்டி வேண்டும்.

பிள்ளைகள் எச்சரிக்கையை மறப்பார்கள். ஆகவே பாடசாலைக்கென்றால் ஆடியற்றதையே தெரிவேன். தமக்கென வாங்குவோர் மூக்குக்கண்ணாடியுடனேயே கடைக்குச் சென்று, இரண்டையும் கண்ணில் வைத்து, வீதியில் ஓடும் பேருந்தொன்றைத் தொடர்ந்து பாருங்கள். திரையின் காட்சி பின்தங்கினாலோ, கண் சோர்ந்தாலோ, பழைய ஆடிக் கமராவே உங்களுக்கு உகந்தது.