ஆர்மி ஆபீசரா போறீங்களா? வீட்டு நாய்க்கும் ஒரு கணக்கு போட்டுட்டு போங்க

டிகிரி முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம் வேலை பார்த்த பிறகு, "இது போதும், ஆர்மிக்கு போறேன்" என்று முடிவு எடுப்பவர்கள் சம்பளம், பென்ஷன், பி.எஃப். எல்லாம் விசாரிப்பார்கள். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "ட்ரெயினிங் 11 மாசம்தானே, அம்மா பாத்துப்பாங்க."

அந்த 11 மாசக் கணக்குதான் தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

பட்டதாரிகள் ராணுவ அதிகாரி ஆக பல வழிகள் இருக்கு. நம்ம ஊர் ஆட்கள் அதிகம் கேட்பது சி.டி.எஸ். தேர்வு எழுதி, பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ.வில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்குச் சேருவது. எந்த டிகிரியாக இருந்தாலும் சரி. யு.பி.எஸ்.சி. வருஷத்துக்கு ரெண்டு தடவை இந்தத் தேர்வை நடத்துது. 2025 முதல் தேர்வின் அறிவிப்பில் ஓ.டி.ஏ.வுக்கு ஆண்களுக்கு 275 இடம், பெண்களுக்கு 18 இடம். எழுத்துத் தேர்வு, பிறகு எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ, மெடிக்கல், மெரிட் லிஸ்ட். ஏப்ரல் 2025ல் எழுதினவங்களுக்கு கோர்ஸ் ஆரம்பம் ஏப்ரல் 2026. பரீட்சைக்கும் அகாடமி வாசலுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருஷம் கிடைக்குது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

ட்ரெயினிங் 49 வாரம். ஸ்டைபெண்ட் மாதம் 56,100 ரூபாய். கமிஷன் ஆன பிறகு அடிப்படைச் சம்பளம் அதே 56,100ல் ஆரம்பிச்சு, அதோட மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, அதுக்கு மேல டி.ஏ., மற்ற அலவன்ஸ். பணம் நல்ல பணம்தான். ஷார்ட் சர்வீஸ் என்பது 10 வருஷம், விருப்பமும் தகுதியும் இருந்தால் இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம்.

இப்போ நாய்.

49 வாரமா, 7 வருஷமா?

ஒரு உதாரணம் எடுத்துப்போம். வயசு 23, மாசம் 42,000 கைக்கு வரும் வேலை, வீடு தாம்பரம் பக்கம். 4 வயசு லேப்ரடார், 28 கிலோ. பேர் மணின்னு வச்சுப்போம். அப்பா அம்மாவுக்கு அறுபதை நெருங்குது.

லேப்ரடார் சாதாரணமா 10லிருந்து 12 வருஷம் இருக்கும். நீங்க அகாடமிக்குள்ள போகும்போது மணிக்கு 5 வயசு. 10 வருஷ சர்வீஸ் முடிச்சு வெளியே வரும்போது, இருந்தா 16 வயசு. அதாவது நீங்க சிவில் வாழ்க்கைக்குத் திரும்பும்போது மணி இருக்க வாய்ப்பே குறைவு.

"கமிஷன் ஆனதும் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்பீங்க. கன்டோன்மென்ட்ல நாய் வளர்க்கிற ஆபீசர்கள் நிறைய பேர் உண்டு, உண்மைதான். ஆனா பெரும்பாலும் அவங்க குவார்ட்டர்ஸ் கிடைச்சு குடும்பத்தோட இருப்பவர்கள். புது லெப்டினன்ட், கல்யாணம் ஆகாதவர், மெஸ்ல ஒரு ரூம். அடுத்த போஸ்டிங் ஃபீல்டு ஏரியாவா இருக்கலாம். அங்கே லேப்ரடாரைக் கூட்டிட்டுப் போக முடியாது. அதனால கணக்கை ட்ரெயினிங் காலத்துக்குப் போடாதீங்க. நாயோட மீதி ஆயுளுக்குப் போடுங்க. நான் மணிக்கு 7 வருஷம்னு எடுத்துக்கறேன்.

மாசச் செலவு (உதாரணம்தான், உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க): சாப்பாடு 4,500, தடுப்பூசியும் டாக்டரும் சராசரியா 800, குளியல், மருந்து, ஷாம்பூ 700. மொத்தம் 6,000. இது நீங்க வீட்டில் இருக்கும்போது. நீங்க போனதும் இன்னொரு செலவு முளைக்கும். 28 கிலோ நாய் தெருநாயைப் பார்த்து இழுத்தா அறுபது வயசு அம்மாவால பிடிக்க முடியாது. கீழே விழுந்து இடுப்பு முறிஞ்சா அந்த ஆஸ்பத்திரி பில் நாயோட ஆயுள் செலவையே தாண்டிடும். அதனால வாக்கிங் கூட்டிட்டுப் போக ஒரு ஆள், மாசம் 3,000. ஆக 9,000.

வருஷத்துக்கு 1,08,000. விலைவாசி 6 சதவீதம் ஏறும்னு வச்சா 7 வருஷத்துக்கு சுமார் 9 லட்சம். ட்ரெயினிங் காலத்துக்கு மட்டும் போர்டிங்ல விடலாம்னு நினைச்சா, நாளைக்கு 600 ரூபாய் வீதம் 343 நாளுக்கு 2,05,800. பணம் இரட்டிப்பு, நாய்க்கும் கூண்டு. என்னைக் கேட்டா போர்டிங் என்பது பத்து நாள் வெளியூர் போறதுக்கான ஏற்பாடு, ஒரு வருஷத்துக்கானது இல்லை.

இந்த 9 லட்சத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம். லெப்டினன்ட் சம்பளத்தில் மாசம் 9,000 பெரிய விஷயமில்லை. சிக்கல் முதல் சில மாசத்தில்தான். ஸ்டைபெண்ட்ல மெஸ், உடை, இன்ஷூரன்ஸ்னு பிடித்தம் இருக்கும். 56,100 அப்படியே கைக்கு வரும், அதுவும் முதல் மாசமே வரும்னு நம்பி எதையும் கமிட் பண்ணாதீங்க. காயம் பட்டாலோ ஏதாவது டெஸ்ட்ல தேறாட்டியோ ஒரு டெர்ம் பின்னாடி போடுவாங்க, ரிலிகேஷன்னு சொல்வாங்க. அப்போ 49 வாரம் ஒன்றரை வருஷம் ஆகும்.

அதனால உள்ளே போகும் முன் மணி பேரில் ஒரு லட்சம் தனியா இருக்கணும். ஆறு மாசச் செலவு 54,000, மீதி திடீர் ஆபரேஷன் மாதிரி விஷயங்களுக்கு. பரீட்சை எழுதின மாசத்திலிருந்து மாசம் 8,500 ஒதுக்கினா, கோர்ஸ் ஆரம்பிக்கும்போது ரெடி. அந்த ஒரு வருஷ இடைவெளியை ஞாபகம் வச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான். செலக்ட் ஆகலைன்னாலும் நஷ்டம் இல்லை, எமர்ஜென்சி ஃபண்ட் ஆச்சு. இதுக்காக பி.எஃப்.ல கை வைக்காதீங்க, 5 வருஷ சர்வீஸ் முடியாம எடுத்தா வரி வரும்.

பணம் எப்படிப் போய்ச் சேரும்?

அகாடமியில் போன் எப்பவும் கையில் இருக்காது. ராத்திரி 9 மணிக்கு மணிக்கு வாந்தி, டாக்டர் 12,000 கேட்கிறார், நீங்க பரேடு முடிச்சு தூங்கிட்டீங்க. அதனால அந்த ஒரு லட்சம் அம்மா கூட ஜாயின்ட் அக்கவுன்ட்ல இருக்கட்டும், ரெண்டு பேரில் யார் வேணும்னாலும் எடுக்கிற மாதிரி. தினசரி செலவுக்கு யு.பி.ஐ. சர்க்கிள் வசதி இருக்கு, உங்க அக்கவுன்ட்லிருந்து அம்மா போன்ல கட்டலாம். முழு அனுமதி முறையைத் தேர்ந்தெடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் நீங்க அப்ரூவ் பண்ணணும். அதில் ஒரு தடவைக்கு 5,000, மாசத்துக்கு 15,000 என்று வரம்பு இருப்பதால் பெரிய பில்லுக்கு ஜாயின்ட் அக்கவுன்ட்தான்.

அம்மா இல்லாம ஃப்ரெண்ட் பார்த்துக்கிட்டா? இங்கே ஒரு வரி விஷயம் இருக்கு. மாசம் 9,000 அனுப்பினா வருஷத்துக்கு 1,08,000. உறவினர் அல்லாதவரிடமிருந்து வருஷத்தில் 50,000க்கு மேல் அன்பளிப்பா வந்தா, வாங்கினவருக்கு முழுத் தொகையும் வருமானம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவங்க எல்லாம் வருமான வரிச் சட்டப்படி உறவினர். சித்தி பையன் உறவினர் இல்லை! நம்ம வீட்ல அவன் தம்பி, சட்டத்தில் அந்நியன். நாய்ச் செலவுக்கு அனுப்பறது அன்பளிப்பு இல்லை, உங்க செலவை அவர் உங்களுக்காகச் செய்யறார். ஆனா அதைக் காட்ட பேப்பர் வேணும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர்லயும் "மணி செலவு"ன்னு குறிப்பு போடுங்க, டாக்டர் பில்லும் தீவனப் பில்லும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டு வைக்கச் சொல்லுங்க. வாக்கிங், பராமரிப்புக்குன்னு ஃப்ரெண்டுக்கே கூலி கொடுத்தா, அந்தப் பகுதி அவருக்கு வருமானம்தான்.

இன்னொன்னு, கம்பெனி குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மா இருந்தா, நீங்க வேலையை விட்டதும் அது போயிடும். மணியைப் பார்த்துக்கப் போற ஆளுக்கே கவர் இல்லாம ஆகுது. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசியா மாற்ற முடியுமான்னு ராஜினாமாவுக்கு முன்னாடியே எச்.ஆர்.கிட்ட கேளுங்க. 90 நாள் நோட்டீஸ் பீரியட் இருக்கிற கம்பெனியா இருந்தா பை-அவுட் தொகையையும் பட்ஜெட்ல சேருங்க. ஜாயினிங் லெட்டர் கைக்கு வராம பேப்பர் போடாதீங்க.

பேர் மாற்றம்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமக் கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாய், இல்லைன்னா அபராதம் 5,000. உரிமம் உங்க பேர்ல இருந்து நீங்க ஊர்லயே இல்லைன்னா, நாய் யாரையாவது கடிச்சா கேள்வி உங்க பேருக்குத்தான் வரும். பார்த்துக்கப் போறவர் பேருக்கு மாத்துங்க, டாக்டர்கிட்ட இருக்கிற போன் நம்பரையும் சேர்த்து. நாய் இன்ஷூரன்ஸ் இருந்தா அதுவும்.

அகாடமியில் நாமினி படிவங்கள் நிரப்புவீங்க. அதில் மணி பேரைப் போட முடியாது, சட்டத்தில் நாய் ஒரு சொத்து, சொத்துக்குச் சொத்து எழுதி வைக்க முடியாது. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா மணிக்கு இவ்வளவு போகணும்னு நினைச்சா, பார்த்துக்கிறவர் பேரில் அந்தத் தொகையை ஒரு எளிய உயிலில் எழுதுங்க. 23 வயசுல உயிலான்னு கேட்காதீங்க, போற வேலை அப்படி.

கடைசியா ஒரு ஒத்திகை. கோர்ஸுக்கு மூணு மாசம் முன்னாடி, ரெண்டு வாரம் வேற ஊர்ல போய்த் தங்குங்க, வீடியோ கால்ல மணியைக் கூப்பிடாம. அது சாப்பிடலை, அம்மாவால முடியலைன்னா அப்போ தெரிஞ்சாகணும். ட்ரெயினிங்ல பாதியில் தெரிஞ்சா வழி கிடையாது. சொந்த விருப்பத்தில் அகாடமியை விட்டு வெளியே வந்தா பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டணும், அதுக்கு பெற்றோர்கிட்டயும் பாண்ட் வாங்குவாங்க. ஒத்திகை தோத்தா, பாசமா வளர்க்கிற வேற வீட்டுக்கு இப்பவே நிரந்தரமா கொடுத்துடறது நல்லது. 5 வயசு நாய்க்கு வீடு கிடைக்கும், 9 வயசு நாயை யாரும் எடுக்க மாட்டாங்க.

பின்னாடி நல்ல பீஸ் ஸ்டேஷன், குவார்ட்டர்ஸ் கிடைச்சு மணியைக் கூட்டிட்டுப் போற நிலைமை வந்தா, ரயில்ல ஏ.சி. முதல் வகுப்புல கூபே முழுசா புக் பண்ணி உங்க கூடவே வச்சுக்கலாம். இல்லைன்னா கார்டு வேன்ல இருக்கிற நாய்ப் பெட்டிதான், சென்னை வெயில்ல அதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். ரெண்டுக்கும் லக்கேஜ் கட்டணம் தனி, கிளம்பும் முன் பார்சல் ஆபீசில் கட்டணும், தடுப்பூசி சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

மேலே போட்ட கணக்கோட எக்செல் ஷீட், வீடியோ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. மஞ்சள் கலர் கட்டங்கள்ல உங்க நாயோட வயசு, எடை, மாசச் செலவைப் போட்டா மீதி தானா வரும்.