ஆடியில் யானை, மார்கழியில் பூநாரை

றிச்மண்ட் ஹில்லில் எங்கள் வீட்டில் ஊர்ப் பயணம் எப்போதும் பள்ளிக்கூட நாட்காட்டியில்தான் தொடங்கும். யூன் கடைசியிலிருந்து செப்ரெம்பர் முதல் கிழமை வரை கோடை விடுமுறை, நத்தாருக்கு இரண்டு கிழமை, மார்ச்சில் ஒரு கிழமை. இதற்குள்தான் ரிக்கெற். கலியாண வீடு, கோயில் திருவிழா, காணி அலுவல் என்று எல்லாவற்றுக்கும் நாள் ஒதுக்கிய பிறகு, மிஞ்சிய ஒரு நாளில் "பிள்ளையளுக்கு யானை காட்டுவம்" என்று ஜீப் பிடிக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் நாங்கள் அப்படித்தான் மின்னேரியாவுக்குப் போனோம். படங்களில் பார்த்தது குளக்கரை நிறைய யானைக் கூட்டம். நேரில் கண்டது கரை தொட நிரம்பிய குளமும், விடாத மழையும், பற்றைக்குள் போய் மறைந்த ஒரு யானையின் பின்பக்கமும். மகன் வழி முழுக்கப் பேசவில்லை. றொறன்ரோ மிருகக்காட்சிச்சாலையில் இப்போது யானை கிடையாது. கடைசியாக இருந்த மூன்றையும் 2013 இல் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவனுக்கு அது யானை பார்க்கும் முதற் பயணம். பிழை யானையிலும் இல்லை, ஜீப்காரரிலும் இல்லை. நாங்கள் போன காலம்தான் பிழை.

இலங்கையில் வரண்ட வலயத்துக்கு மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்ரோபரில் தொடங்கித் தை வரை அதுதான் மாரி. வைகாசியிலிருந்து சோளகம் வீசும். அந்தத் தென்மேல் காற்று தன் மழையை மலைநாட்டிலும் கொழும்புப் பக்கத்திலும் கொட்டிவிட்டு, வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வெறும் புழுதியோடு வந்து சேரும். சிறுபோகத்துக்குக் குளத்தைத் திறந்துவிட, ஆடி, ஆவணியில் நீர் வற்றி அலைகரை வெளியே தெரியும். அந்த ஈர நிலத்தில் இளம்புல் முளைக்கும். சுற்றிவரக் காடு காய்ந்து கிடக்கும்போது நீரும் புல்லும் ஒரே இடத்தில் இருந்தால் யானை வேறெங்கே போகும்? மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின் கரையில் யூலை முதல் செப்ரெம்பர் வரை நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுவதற்குக் காரணம் இதுதான். கென்யாவின் மசாய் மாராவுக்குக் கோடையில் போகிறவர்கள் பார்ப்பதும் இதே கணக்குத்தான்: புல்லையும் நீரையும் தேடி மிருகம் நகர்கிறது.

ஆகவே கோடை விடுமுறைக்குப் போகிற குடும்பத்துக்கு மின்னேரியா நல்ல தெரிவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. மொறகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் திறக்கப்பட்ட பிறகு, சில ஆண்டுகளில் கோடையிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அலைகரை மூழ்கினால் புல் இல்லை. புல் இல்லையென்றால் கூட்டமும் இல்லை. அப்படியான நாட்களில் யானைகள் பக்கத்துக் கவுடுல்லவில் நிற்கக்கூடும். மாரியில் ஹுருலு காட்டுப் பக்கம் பார்க்கிற வாய்ப்புக் கூட. மூன்றுக்கும் ஹபரணையிலிருந்துதான் ஜீப் புறப்படும். எனவே கனடாவிலிருந்தே பூங்காவின் பெயரை முடிவுசெய்து பணம் கட்டாமல், போய் இறங்கி "இண்டைக்கு எங்கை நிக்குது?" என்று கேட்பதுதான் புத்தி. அன்று நாங்கள் அதைக் கேட்கவில்லை.

யால சிறுத்தைக்குப் பெயர்போனது. ஓகஸ்டிலும் நத்தாரிலும் அங்கே ஜீப்புகளின் நெரிசலும் பெயர்போனதுதான். ஓகஸ்ட் ரிக்கெற் விலைக்குப் பயந்து செப்ரெம்பரில் போகிற ஓய்வூதியக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கடும் வரட்சி காரணமாக யாலவின் முதலாம் பகுதியை வழமையாகச் செப்ரெம்பரிலிருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். தெற்கே உடவளவையில் எந்த மாதமும் யானை காணலாம். இரண்டு கிழமை மட்டும் கைவசம் உள்ளவர்களுக்கு, நத்தார் என்றாலும் கோடை என்றாலும், அது ஏமாற்றாத இடம்.

மார்கழியில் போகிறவர்கள் யானையை மறந்து வடக்கே பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். நவம்பர் முதல் மார்ச் வரை மன்னார், வங்காலை, சுண்டிக்குளம், யாழ்ப்பாணக் கடனீரேரி எல்லாம் பறவைகளின் ஊர். வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பனி விழும் வட நாடுகளிலிருந்து ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வரும். பூநாரைகளும் வரும், எல்லா வருடமும் ஒரே அளவில் என்று சொல்ல முடியாது. எங்கள் மில் பொண்ட் கரையில் கனடா வாத்தைத் துரத்தித் திரிகிற பிள்ளைகளுக்கு, குளிருக்குப் பயந்து பறவை எங்கே போகும் என்பதன் மறுபாதி அங்கே தெரியும். மின்னேரியாவில் முகம் சுருங்கிய மகன், இரண்டு நாள் கழித்து மன்னார்த் தாம்போதியில் வானை நிறுத்தச் சொன்னான். ஜீப்பும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அரை மணித்தியாலம் நின்றோம்.

இனி வில்பத்து. எங்களில் பலருக்கு அது காடு அல்ல, போகக்கூடாத இடம். எண்பதுகளில் மூடப்பட்டு 2003 இல் திறந்தார்கள். 2006 இல் உள்ளே கண்ணிவெடியில் ஆட்கள் இறந்த பிறகு மீண்டும் மூடி, 2010 இல் திறந்தார்கள். இன்றைக்கும் எங்கள் வயதுக்காரர் அந்தப் பெயரைக் கேட்டால் ஒரு கணம் தயங்குவார்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கம் விளங்காது. விளங்கப்படுத்துவதா விடுவதா என்பது ஒவ்வொரு குடும்பத்தின் விடயம். அங்கே 'வில்லு' என்று சொல்கிற இயற்கை நீர்நிலைகள் ஆவணியளவில் சுருங்க, மிருகங்கள் அவற்றைத் தேடி வரும். யாலவைப் போல நெரிசலும் இல்லை.

ஒரு வேறுபாட்டையும் மறக்க வேண்டாம். ஜீப்பில் இருந்து பார்க்கிற நமக்கு யானை காட்சி. வவுனியா வடக்கில் நெல் விதைத்தவருக்கு அது இரவு முழுக்க யானைவெடியோடு விழித்திருக்கிற கவலை. அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் இறந்திருக்கிறார்கள். வன்னியில் உறவினர் வீட்டில் தங்கினால், சபாரிப் படங்களைக் காட்டுவதற்கு முன் அவர்களுடைய கதையைக் கேளுங்கள்.

கோடைப் பயணத்தின் முன்பாதியில் வில்பத்துக்குப் போக முடிந்தால், யானையைவிட அரிய ஒன்றைக் காணலாம். ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும். அதற்காகக் கரடி மரத்தில் ஏறும். அடுத்த முறை யூலையில் நாங்கள் போனபோது அம்மாவும் கூட வந்தா. வழிகாட்டி மேலே கரடியைக் காட்டினார். பிள்ளைகள் தொலைநோக்கிக்கு அடிபட்டார்கள். அம்மா கரடியைப் பார்க்கவில்லை. கொப்பில் மஞ்சளாகத் தொங்கினதைப் பார்த்து, "உது பாலைப்பழமெல்லோ, சொண்டெல்லாம் ஒட்டும்" என்றா. மகன் தொலைநோக்கியை இறக்கிவிட்டு, "அப்பம்மா, நீங்கள் இதைச் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டான். திரும்பி வாசலுக்கு வரும் வரை அவ அந்தக் கதைதான் சொல்லிக்கொண்டு வந்தா.