ஆட்டுப் பரண்: கருத்து விளக்கக் கட்டுரைக்கு ஒரு பாடப்பொருள்



படிவம் இரண்டு மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'எங்கள் தாத்தா ஆட்டுப் பரணைத் தினமும் கூட்டுவார்' என்று எழுதியிருந்தார். 'பரண்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே 'பட்டி' என்று எழுதினேன். மரபுச் சொற்கள் பட்டியலில் நாம் அப்படித்தானே சொல்லிக் கொடுக்கிறோம்? ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழுவம், குதிரைக்கொட்டில், யானைக்கூடம்.

மறுநாள் மாணவர் மேசைக்கு அருகில் வந்து நின்றார். "டீச்சர், பட்டின்னா தரையில இருக்கும். எங்க ஆடு மேல இருக்கு. தாத்தா பரண்னுதான் சொல்வாரு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை கம்போங் ராஜாவில் அவர்களுடைய காய்கறித் தோட்டத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தூண்கள் மேல் பலகைத் தளம், இடையிடையே இடுக்கு, ஏறிப் போக ஒரு சாய்வுப் பலகை. அது பரண்தான். தமிழ்நாட்டிலும் இந்த முறைக்குப் 'பரண் மேல் ஆடு வளர்ப்பு' என்றே பெயர். மாணவர் எழுதியது சரி; என் திருத்தம்தான் தவறு.

அதன் பிறகு இந்தப் பொருளைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். கருத்து விளக்கக் கட்டுரைக்கு நல்ல பாடப்பொருளாக அமைந்ததால் உங்களோடு பகிர்கிறேன்.

நம்மைப் போன்ற மலையில் ஓர் ஆராய்ச்சி நிலையம்

தமிழ்நாட்டில் நீலகிரி மலையில், ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா என்ற இடத்தில் செம்மறியாட்டு இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955இல் தொடங்கப்பட்ட இந்நிலையம் இப்போது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரம். நம் கேமரன் மலையைவிடக் குளிர் அதிகம். மழை, மூடுபனி, தேயிலை எல்லாம் நமக்குப் பழக்கமானவையே. மென்மையான கம்பளி தரும் நீலகிரி ஆட்டினத்தை அழியாமல் காப்பது இதன் முக்கியப் பணி. அந்த ஆட்டை மெரினோ, ராம்பூலே இனங்களோடு கலந்து 'சாண்டினோ' என்ற இனத்தை உருவாக்கியதும் இங்குதான்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் இத்தகைய நிலையம் ஒன்று உண்டு. ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962இல் தொடங்கிய மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது.

தளம் ஏன் உயரமாக இருக்க வேண்டும்?

மலையில் ஆட்டுக்குக் குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். செம்மறிக்கு உடம்பு முழுக்கக் கம்பளி இருக்கிறது. காய்ந்த இடம் கிடைத்தால் குளிரைத் தாங்கிக்கொள்ளும். தரை நனைந்தே கிடந்தால் மூன்று தொல்லைகள் வரும்.

முதலாவது, குளம்பழுகல். ஈரத்தில் ஊறிய குளம்பின் இடுக்கில் கிருமி புகுந்து ஆடு நொண்டும். நொண்டும் ஆடு மேயாது. இரண்டாவது, மூச்சுத் தொல்லை. தேங்கிய சிறுநீரிலிருந்து அம்மோனியா வாயு கிளம்பும். தரையோடு மூக்கை வைத்துப் படுக்கும் குட்டிதான் அதை முதலில் சுவாசிக்கும்; நுரையீரல் கெடும். மூன்றாவது, குடற்புழு. புழுவின் முட்டை புழுக்கையோடு வெளியே வரும். அந்தப் புழுக்கை கலந்த தீவனத்தையோ புல்லையோ தின்றால் புழு மறுபடியும் வயிற்றுக்குள் போகும்.

பரண் இந்த மூன்றையும் ஒரே அடியில் குறைக்கிறது. பலகைகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இடுக்கு விடுவார்கள். புழுக்கையும் சிறுநீரும் கீழே போய்விடும், குளம்பு மாட்டிக்கொள்ளாது. இடுக்கு அதைவிட அகலமானால் குட்டியின் கால் சிக்கி ஒடியும். தளத்துக்கு அடியில் ஆள் குனிந்து கூட்டும் உயரம் வேண்டும். கூட்டி எடுத்த எரு காய்கறித் தோட்டத்துக்குப் போகும்.

குளிருக்குப் பயந்து எல்லாப் பக்கமும் அடைத்துவிடுவதும் தவறு. ஆடு படுக்கும் உயரம் வரை காற்றை மறைத்து, அதற்கு மேல் திறந்துவிட வேண்டும். ஆட்டின் மேல் காற்று நேரே அடிக்காது, வாயுவும் வெளியேறிவிடும்.

ஒரே கூரை ஏன் போதாது?

ஆராய்ச்சி நிலையத்துக்கும் வீட்டுக் கொட்டகைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். நிலையத்தில் கிடாய்க்குத் தனிக் கொட்டில், பெட்டை ஆடுகளுக்குத் தனி, பால் மறந்த குட்டிகளுக்குத் தனி, நோயுற்றவைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனியறை என்று பிரித்து வைப்பார்கள். ஒரு பெட்டை ஆட்டுக்கு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் கூரையடி இடமும், அதைப்போல் இரண்டு மடங்கு திறந்த முற்றமும் தேவை. கிடாய்க்கு இன்னும் அதிகம்.

கிடாயைப் பிரிப்பது சண்டையைத் தவிர்க்க மட்டுமல்ல. எந்தக் கிடாய்க்கு எந்தக் குட்டி பிறந்தது என்று தெரியாவிட்டால் இனப்பெருக்க ஆராய்ச்சியே இல்லை. ஒவ்வோர் ஆட்டுக்கும் காதில் எண் வில்லை உண்டு. பிறந்த எடை, பால் மறக்கும்போது எடை, கத்தரித்த கம்பளியின் எடை எல்லாம் அந்த எண்ணுக்கு நேராகப் பதிவாகும். ஒரு நாள் வேலிக் கதவைத் திறந்து வைத்தால் பல வருடப் பதிவு வீணாகலாம். அங்கே வேலியும் ஆய்வுக் கருவிதான்.

சினை ஆடு ஏறக்குறைய ஐந்து மாதத்தில் ஈனும். ஈனும் சமயத்தில் அதைச் சிறு அறைக்கு மாற்றுவார்கள். தாய் தன் குட்டியை வாசனையால்தான் அறிகிறது. கூட்டத்துக்குள் ஈன்றால் அந்த வாசனை கலைந்து, தாய் குட்டியை ஒதுக்கிவிடலாம். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தி கிடைக்காது.

இவை தவிர, நுழைவாயிலில் குளம்பு நனைக்கும் மருந்துத் தொட்டி, உண்ணியும் பேனும் போக ஆட்டை முக்கி எடுக்கும் குளிப்புத் தொட்டி, கம்பளி கத்தரிக்கும் உலர்ந்த அறை, வைக்கோல் சேமிக்கும் கொட்டகை ஆகியவையும் வேண்டும். குளம்புத் தொட்டிக்குத் துத்தநாகச் சல்பேட்டைக் கரைப்பதுண்டு. மயில்துத்தம் என்றால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதிலுள்ள செம்பு உடம்பில் சேர்ந்தால் செம்மறி செத்துப்போகும்.

வகுப்பறையில்

இதை நான் மூன்று படிகளாக நடத்தினேன். முதலில் பட்டி, பரண், கிடை, கொட்டில், தொழுவம் ஆகியவற்றின் வேறுபாட்டை மாணவர்களே வரைந்து காட்டினார்கள். வயலில் எருவுக்காக இரவில் ஆடுகளை மடக்கி வைப்பது கிடை. தரையில் வேலி கட்டி அடைப்பது பட்டி. உயரத்தில் தளம் போட்டு வளர்ப்பது பரண். அடுத்து, 'ஏன்' என்ற கேள்வியை மட்டும் கேட்டேன். இடுக்கு ஏன்? உயரம் ஏன்? தனியறை ஏன்? ஒவ்வொரு விடையும் ஒரு கருத்துப் பத்தியாக விரிந்தது. கடைசியாக வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேசி, கால்நடை தொடர்பான ஐந்து சொற்களை எழுதிவரச் சொன்னேன்.

முதலில் 'கண்டாங்' என்று மட்டுமே சொல்லத் தெரிந்த மாணவர்கள் சீம்பால், கிடாய், மறி, புழுக்கை என்று எழுதி வந்தார்கள். தோட்ட லயத்தில் மாடு வளர்த்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு போய்விடக்கூடிய சொற்கள் இவை.

அந்த மாணவரின் ஏட்டை வாங்கி, என் சிவப்பு வட்டத்தை அடித்துவிட்டு, 'உன் சொல்லே சரி' என்று எழுதி மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். "தாத்தாகிட்ட காட்டட்டுமா டீச்சர்?" என்று கேட்டார்.

நீங்களும் அடுத்த முறை தெரியாத ஒரு சொல்லை வட்டமிடும் முன், அது யார் வாயிலிருந்து வந்தது என்று மாணவரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.