பாட்டி வீட்டுக்கு ஜிம்மியும் வருகிறான்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே வீட்டில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். எத்தனை மணிக்குப் புறப்படுவது, தாப்பாவில் நிற்பதா வேண்டாமா, டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா, முறுக்கு டின் எத்தனை, அத்தை பிள்ளைகளுக்கு எடுத்த உடுப்பு அளவு சரியா என்று எல்லாவற்றுக்கும் விடை தேடிவிடுவோம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவுதான் யாராவது ஒருவர் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே வாலை ஆட்டிக்கொண்டு ஒன்று நிற்கும். "அட, இவன என்ன செய்றது?"

அந்த நேரத்தில் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் நல்ல விடைகளாக இருப்பதில்லை. ஒரு தட்டில் சோறு, ஒரு வாளியில் தண்ணீர், கழுத்தில் சங்கிலி, கேட்டில் பூட்டு. "மூணு நாள்தானே?" என்று சொல்லிவிட்டுக் கார் கிளம்பிவிடும்.

கிள்ளானில் நாங்கள் இருக்கும் தாமானில் சில ஆண்டுகளுக்கு முன் இப்படித்தான் நடந்தது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டு நாய் பெருநாள் முழுக்கச் சங்கிலியில் கிடந்தது. முதல் நாளே வாளியைக் கவிழ்த்துவிட்டது. இரவில் பட்டாசு வெடிக்கும்போதெல்லாம் சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தில் தோல் உரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிதான் கேட் கம்பிக்கு நடுவே ரப்பர் குழாயை நுழைத்துத் தண்ணீர் காட்டினார். அந்த வீட்டுக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். திரும்பி வந்ததும் அவர்களுடைய பிள்ளைகள் அந்த நாயைக் கட்டிக்கொண்டு அழுததை நாங்கள் பார்த்தோம். இரண்டு வாரத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் கடைசி இரவில் கேட்டார்கள். அதற்குரிய விலையை நாய் கொடுத்தது.

இது மனச்சாட்சிக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. வளர்க்கும் விலங்குக்கு உணவு, நீர், தங்குமிடம், சிகிச்சை ஆகியவற்றுக்கு வகை செய்வது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்திய குற்றத்துக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இப்போது முன்கூட்டியே வந்துவிடுகிறது. அதைக் கேட்பவன் என் தம்பி. படிவம் 4 மாணவன். ஜிம்மி அவனுடைய நாய். (ஜிம்மியை 'அது' என்று எழுத அவன் ஒப்பமாட்டான். எனவே இந்தக் கட்டுரை முழுக்க ஜிம்மி 'அவன்'தான்.) வீட்டில் பெரியவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. பலகாரம், சம்பள நாள், விடுப்பு விண்ணப்பம் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் பிராணியின் பயணத்தைப் பற்றி நினைக்கக் கூடியவர்கள் பிள்ளைகள்தாம்.

கேள்வியை முதலில் கேட்க வேண்டியது யாரிடம்? கால்நடை மருத்துவரிடம் என்று பலர் நினைப்பார்கள். நான் பாட்டியிடம் என்பேன். நாம் போவது அவர் வீட்டுக்கு. நாயும் விருந்தாளிதான், விருந்தாளி சொல்லாமல் போகக் கூடாது.

சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் பாட்டிக்கு நாய்கள் புதிதல்ல. தோட்டத்தில் இருந்த காலத்தில் லயத்து வீடுகளில் நாய் இல்லாத வாசல் குறைவு என்பார். விடியற்காலை இருட்டில் தாத்தா பால்மரம் வெட்டப் போகும்போது நாயும் கூடவே போகும். பாம்பு கிடந்தால் முதலில் குரைப்பது அதுதான். ஆனால் அந்த நாய் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. மீந்த சோறும் கருவாட்டுத் தலையும் அதன் சாப்பாடு. தாழ்வாரம் அதன் இடம். அப்படிப்பட்டவரிடம் போய், நாய் அறைக்குள் மெத்தையில் படுக்கும், குளிர்சாதனம் இல்லாவிட்டால் தூங்காது என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்?

தம்பி தொலைபேசியில் கேட்டான். "பாட்டி, இந்தத் தடவ ஜிம்மியையும் கூட்டிட்டு வரலாமா? உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேணாம்."

"கூட்டிட்டு வாய்யா. நடுவீட்டுக்கும் சாமி மேடைப் பக்கத்துக்கும் மட்டும் விடக்கூடாது. பின்பக்கம் இருக்கட்டும். அப்புறம், சின்ன மாமா பிள்ளைக்கு நாய்னா பயம், பாத்துக்க."

அந்த ஒரு நிமிடப் பேச்சில் எல்லாம் முடிவாகிவிட்டது. பின்பக்கத் தாழ்வாரத்தில் பாய், ஜிம்மியின் பழைய போர்வை, குழந்தை விளையாடும் நேரத்தில் கயிறு. நம் வீட்டுச் சட்டத்தைப் பாட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது முறையல்ல. பாட்டி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். உறவினர் வீட்டில் ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருக்கலாம். அப்போது வேறு ஏற்பாடு செய்ய இரண்டு வாரம் கையில் இருக்கும். பிராணிகளைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடங்கள் பெருநாள் காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். பல இடங்களில் தடுப்பூசி அட்டையையும் கேட்பார்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு என் பதில் வேறு. நாய்க்கு ஆள் முக்கியம். பூனைக்கு இடம் முக்கியம். பழகிய வீட்டிலேயே விட்டுவிட்டு, நாள்தோறும் ஒருவர் வந்து சோறு, தண்ணீர், மணல் தட்டு மூன்றையும் பார்த்துக்கொண்டால் அது நிம்மதியாக இருக்கும். எங்கள் வரிசையில் இதற்கு அழகான ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. தீபாவளிக்குச் சாவி சீன ஆன்ட்டியிடம் போகும். சீனப் பெருநாளுக்கு அவர் வீட்டுச் சாவி எங்களிடம் வரும். மீன் தொட்டியைப் பற்றிக் கவலையே வேண்டாம். நலமாக இருக்கும் வளர்ந்த மீன்கள் இரண்டு மூன்று நாள் உணவில்லாமல் இருந்துவிடும். போகும்போது தீனியை அள்ளிக் கொட்டுவதுதான் ஆபத்து; தின்னாமல் கிடப்பது அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

சரி, காருக்கு வருவோம். கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட் 200 கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளில் மூன்று மணி நேரம் போதும். பெருநாளுக்கு முதல் நாள் என்றால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரமும் ஆகலாம். அதுவரை நாய் எங்கே இருக்கும்? மடியில் என்பார்கள் சிலர். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வரும் நாயைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு.

தம்பி ஒரு கணக்குப் போட்டான். ஜிம்மியின் எடை 10 கிலோகிராம். கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 25 மீட்டர். கார் எதன் மீதாவது மோதி நின்றால், கட்டப்படாத ஜிம்மி அதே 25 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பறப்பான். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் ஒரு பொருளுக்கு அந்த வேகம் வரும்? வேகத்தை வேகத்தால் பெருக்கி, ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய 32 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம். எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்; சிறிய நாய் என்பதால் உயரம் குறையாது. நெடுஞ்சாலையில் அனுமதிக்கப்படும் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். விடை 48 மீட்டரை நெருங்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அப்பா மறுபேச்சில்லாமல் நாய்க்கான மார்புப் பட்டை வாங்கினார். அதைப் பின் இருக்கையின் பாதுகாப்பு வாருடன் மாட்ட வேண்டும். கழுத்துப் பட்டையுடன் மாட்டக் கூடாது. பிரேக் போட்டால் கழுத்து நெரிபடும். சிறிய நாய்க்கும் பூனைக்கும் கூண்டு நல்லது. கூண்டையும் அசையாதபடி கட்டி வைக்க வேண்டும். முன் இருக்கை வேண்டவே வேண்டாம். காற்றுப்பை விரிந்தால் தாங்காது.

நாய்களுக்கும் பயணத்தில் வாந்தி வரும். குட்டிகளுக்கு இது அதிகம். உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உட்காது அவற்றுக்கு இன்னும் முழு வளர்ச்சி பெற்றிருக்காது. எச்சில் ஒழுகுவதும், ஓயாமல் கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும் முன்னறிகுறிகள். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்திவிடலாம். தண்ணீரை நிறுத்தக் கூடாது. மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையையோ வலி மாத்திரையையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடக் கூடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது ஓட்டுநருக்கும் நல்லது. ஆனால் அவசரத் தடத்தில் நிறுத்தி நாயை இறக்காதீர்கள். நாயின் சிறுநீர் சட்டப்படி அவசரம் ஆகாது. ஓய்வுத்தளத்தில் கதவைத் திறக்கும் முன் கயிறு கையில் இருக்க வேண்டும். உணவுக் கடைகள், சூராவ் இருக்கும் பக்கம் கொண்டு போகாமல், கார் நிறுத்துமிடத்தின் ஓரப் புல்வெளியில் நடக்க விடுங்கள். அங்கே முஸ்லிம் குடும்பங்களும் ஓய்வெடுக்கும். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும். கூடவே பிளாஸ்டிக் பையும் எடுத்துப் போங்கள். கழிவை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போடுவது நம் வேலை.

எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடப் போவதுதான் ஓய்வுத்தளத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. "பத்தே நிமிஷம், கண்ணாடிய கொஞ்சம் இறக்கி விட்டிருக்கேன்" என்று நாயைக் காரில் விட்டுப் போவார்கள். வெயிலில் நிற்கும் காரினுள் வெப்பம் பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 10 பாகை ஏறும். அரை மணி நேரத்தில் 20 பாகையை நெருங்கும். வெளியே 32 என்றால் உள்ளே 50. கண்ணாடியை விரலளவு இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. நமக்கு உடல் முழுக்க வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். உள்ளே இருக்கும் காற்றே கொதித்தால் மூச்சிரைத்துப் பயனில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஆகவே எங்கள் வீட்டில் முறை வைத்துச் சாப்பிடுகிறோம். முதலில் அப்பாவும் தம்பியும், பிறகு அம்மாவும் நானும். நாசி லெமாக் கொஞ்சம் ஆறிப்போகும், போகட்டும்.

ஊருக்குப் போன பிறகு இரண்டு விஷயங்களில் கண் வேண்டும். ஒன்று வாய். பெருநாள் வீட்டில் எல்லாரும் பாசத்தோடு எதையாவது போடுவார்கள். வெங்காயம் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை, தங்கைகளின் சாக்லேட் மூன்றுமே நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். தோட்டத்து நாய்கள் இதையெல்லாம் தின்று நன்றாகத்தானே இருந்தன என்று பாட்டி கேட்டார். எத்தனை வயது வரை இருந்தன என்று தம்பி மெதுவாகத் திருப்பிக் கேட்டான். பாட்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று பட்டாசு. நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும் என்பார்கள். மெல்லிய ஓசைகளையும் அது நம்மைவிட நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பயந்து ஓடும் நாய் சொந்தத் தாமானில் என்றால் வீடு திரும்பிவிடலாம். பழகாத ஊரில் அதற்கு வழி தெரியாது. கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண் எழுதிய தகடு கட்டாயம் வேண்டும். மாலை ஆறு மணிக்கே நடக்கக் கூட்டிப் போய்விட்டு, இருட்டியதும் உள்ளே அடைத்துவிட வேண்டும்.

உள்ளே என்றால் எங்கே? தாழ்வாரத்துக்குக் கதவு இல்லை. முதல் சரவெடி வெடித்ததும் ஜிம்மி சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போய் நடுங்கிக்கொண்டு நின்றான். தம்பி அவனருகில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தை பிள்ளைகள் மத்தாப்புக்குக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை. பாட்டி வந்து எட்டிப் பார்த்தார். பிறகு சமையலறையை ஒட்டிய சாமான் அறையைத் திறந்தார். அரிசி மூட்டையை ஓரமாக நகர்த்தி, சன்னலைச் சாத்தி, விசிறியை முடுக்கினார்.

"நடுவீடுதான் கூடாதுன்னேன்" என்றார்.

மறுநாள் காலை தம்பி அந்த அறையைக் கூட்டித் துடைத்தான். இந்த ஆண்டு தொலைபேசியில் பேசியபோது, அரிசி மூட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டதாகப் பாட்டி சொன்னார்.