வாட்ஸைப் பார்த்து வூஃபர் வாங்காதீங்க: சின்ன வீட்டுக்கு எந்த சப்-வூஃபர் டிரைவர் செட் ஆகும்?

காஞ்சிபுரம் செவிலிமேட்டிலிருந்து சென்னை ரிச்சி தெருவுக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். லீவு போட்டுப் போய், பேரம் பேசி, 12 அங்குல வூஃபர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். ஆசாரி பெட்டி அடித்துக் கொடுக்கிறார். பாட்டைப் போட்டால் எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரி ‘பொம்... பொம்’ என்றுதான் வருகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். ஆசாரி கூலி, எம்டிஎஃப் பலகை, போக்குவரத்து எல்லாம் போச்சு.

இப்படி ஆகிறபோது பெரும்பாலும் ஸ்பீக்கர் கெட்டுப்போனதாக இருக்காது. அந்த டிரைவருக்கு அந்தப் பெட்டி பொருந்தியிருக்காது, அவ்வளவுதான்.

டிரைவர் என்றால் பெட்டி இல்லாத வெறும் ஸ்பீக்கர். கோன், காயில், காந்தம், இரும்புக் கூடு. கடையில் இதை விற்கும்போது மூன்று விஷயங்களைத்தான் சொல்வார்கள்: எத்தனை அங்குலம், எத்தனை வாட்ஸ், காந்தம் எவ்வளவு கனம். இந்த மூன்றில் எதுவுமே, இது உங்கள் பெட்டியில் எவ்வளவு ஆழமான பேஸ் கொடுக்கும் என்று சொல்லாது. 

வாட்ஸ் என்பது அந்தக் காயில் தாங்கும் சக்தி. சத்தத்தின் அளவு இல்லை. பவரை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு ‘டபுள் சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு பவர் வேண்டும். வீட்டில் இருப்பது பழைய 4440 ஐசி போர்டு என்றால், பிரிட்ஜ் செய்தாலும் அது தருவது 19 வாட்ஸ்தான். அதில் ‘300 வாட்ஸ்’ டிரைவரை மாட்டினால் 19 வாட்ஸுக்குத்தான் பாடும்.

பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பொறியாளர் நெவில் தீல் 1961-ல் ஒரு கட்டுரை எழுதினார். 1970-களின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஒரு டிரைவர் எந்தப் பெட்டியில் எப்படிப் பாடும் என்பதைப் பெட்டி அடிப்பதற்கு முன்பே கணக்குப் போட முடியும் என்று இருவரும் காட்டினார்கள். அந்த அளவுகளுக்கு ‘தீல்-ஸ்மால் பாராமீட்டர்’ என்று பெயர். பட்டியல் நீளம், நமக்கு முதலில் மூன்று போதும்.

எஃப்எஸ் என்பது கோன் தானாக அதிரும் அதிர்வெண். விஏஎஸ் என்பது அந்தக் கோனின் ஸ்பிரிங் தன்மைக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில். க்யூடிஎஸ் என்பது அதிர ஆரம்பித்த கோன் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்வது. காந்தம் பலமாக இருந்தால் க்யூடிஎஸ் குறையும். அதாவது, பெரிய காந்தம் கோனை இறுக்கிப் பிடிக்கும். பேஸை அதுவே கூட்டிவிடாது.

மூடிய பெட்டிக்கான கணக்கு ரொம்ப சிம்பிள். விஏஎஸ்-ஐப் பெட்டியின் கொள்ளளவால் வகுங்கள், 1 கூட்டுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். வரும் எண்ணால் எஃப்எஸ், க்யூடிஎஸ் இரண்டையும் பெருக்கினால் பெட்டிக்குள் அவை என்னவாக மாறும் என்று தெரிந்துவிடும். பெருக்கி வந்த க்யூ 0.7-ஐ ஒட்டி இருந்தால் பேஸ் சமமாக இருக்கும். 1-ஐத் தாண்டினால் அதுதான் அந்த ‘பொம்... பொம்’.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 8 அங்குல டிரைவர்: எஃப்எஸ் 35 ஹெர்ட்ஸ், விஏஎஸ் 30 லிட்டர், க்யூடிஎஸ் 0.45. இதை 20 லிட்டர் பெட்டியில் போட்டால் க்யூ 0.71, அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். அடுத்து 12 அங்குலம்: எஃப்எஸ் 28, விஏஎஸ் 100 லிட்டர், க்யூடிஎஸ் 0.5. காகிதத்தில் இதுதான் ராஜா. ஆனால் ‘இடம் இல்லையே’ என்று 30 லிட்டர் பெட்டியில் அடைத்தால் க்யூ 1.04 ஆகிறது, அதிர்வெண் 58 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. பெரிய ஸ்பீக்கர், சின்ன ஸ்பீக்கரை விட மேலேயே நின்றுவிட்டது! அதற்கு நியாயமான பெட்டி 100 லிட்டர். அது ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் சைஸ்.

20 லிட்டர் என்றால் உள்ளளவு 30 × 27 × 25 சென்டிமீட்டர். தறிக்கு இடம் விட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்தும் வீட்டில்கூட அது ஓரமாக உட்கார்ந்துவிடும். டிரைவரின் பின்பக்கமும் உள்சட்டங்களும் பிடிக்கும் இடத்தைக் கூட்டிக்கொள்ள மறக்காதீங்க.

சவுண்ட் சர்வீஸ் ஸ்பீக்கர் வேறு ஜாதி

கடையில் மலிவாகவும் கம்பீரமாகவும் தெரிவது பெரும்பாலும் மேடை ஸ்பீக்கர்தான். கோன் ஓரத்தில் ரப்பர் வளையம் இருக்காது. மடிப்பு மடிப்பாக விறைப்பான துணி இருக்கும். திருவிழாவில், கல்யாண மண்டபத்தில், கொஞ்சம் பவரில் ஊரே கேட்கிற மாதிரி பாட வடிவமைத்தது. எஃப்எஸ் 50-க்கு மேல் இருப்பது சகஜம். சத்தம் நிறைய, ஆழம் கம்மி. வீட்டுக்கு நல்ல அகலமான ரப்பர் வளையம் உள்ளதைத் தேடுங்க. ஃபோம் வளையம் நம்ம ஊர் புழுக்கத்தில் சில வருஷத்தில் பொடிந்துவிடும்.

கார் சப்-வூஃபர் வாங்கலாமா? தாராளமாக. சின்ன மூடிய பெட்டிக்கென்றே செய்தவை நிறைய உண்டு. ஆனால் சத்தத் திறன் குறைவு, பவர் அதிகம் கேட்கும். இரட்டைக் காயில் இருந்தால் அதை எப்படி இணைத்தால் எத்தனை ஓம் வரும் என்று பார்த்து, உங்கள் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று உறுதி செய்த பிறகே கரண்ட் கொடுங்க.

எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. பேஸ் கிடாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். சினிமாப் பாட்டு கேட்பவருக்கு 40-ஐத் தொட்டாலே போதும். மூடிய பெட்டி அதன் அதிர்வெண்ணுக்குக் கீழே மெதுவாகத்தான் இறங்கும், ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல். 12 அடி அறை என்றால் 47 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே கொஞ்சம் கைகொடுக்கும். ஓட்டை விட்ட பெட்டி ஆழம் போகும்தான். ஆனால் பெட்டி பெரிசாகும், கணக்கில் சின்னத் தப்பு நடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். முதல் முறை செய்பவருக்கு மூடிய பெட்டியே என் ஓட்டு.

டேட்டா ஷீட் இல்லையென்றால்?

பெயர் தெரியாத டிரைவருக்கு எண்கள் கிடைக்காது. அளந்துவிடலாம். டிரைவரோடு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையாக இணைத்து, சின்ன ஆம்ப்ளிஃபயரில் கொடுங்க. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப். டிரைவரை மேசையில் கவிழ்க்காமல் காற்றில் பிடித்துக்கொண்டு, 100 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வாங்க. டிரைவர் முனைகளில் மல்டிமீட்டர் ஏசி வோல்ட் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ, அதுதான் எஃப்எஸ். பிறகு அளவு தெரிந்த மூடிய பெட்டியின் துளை மேல் காற்று கசியாமல் வைத்து மறுபடி அளங்க. காற்றில் 35, 20 லிட்டர் பெட்டியில் 55 என்று வந்தால், 55-ஐ 35-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, 1 கழித்து, 20-ஆல் பெருக்கினால் விஏஎஸ் 29 லிட்டர் சொச்சம். க்யூடிஎஸ்-க்கு லேப்டாப்பும் ‘ரூம் ஈக்யூ விசார்ட்’ என்ற இலவச மென்பொருளும் வேண்டும். காஞ்சிபுரத்தில் ஜரிகையைச் சோதிக்காமல் பட்டு வாங்க மாட்டோம். இதற்கு ஒரு மாலை நேரம் செலவழிக்கலாம்.

கடைசியாக, பக்கத்து வீடு. குடியிருப்புப் பகுதியில் சத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்த அளவீடு, மனிதக் காதின் உணர்திறனைப் பின்பற்றி 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்தே கணக்கில் எடுக்கும். மீட்டரில் வரம்புக்குள் இருந்தாலும் சுவர் வழியே அவர்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். அதிகாலையில் தறியில் உட்கார வேண்டியவர் அங்கே தூங்கிக்கொண்டிருப்பார். பொதுச்சுவரை ஒட்டி வைக்காதீங்க, தெருப் பக்க மூலைக்கு மாற்றுங்க, அடியில் தடித்த ரப்பர் போடுங்க. சப்-வூஃபருக்குத் தனி வால்யூம் குமிழ் கண்டிப்பாக வேண்டும். ஒரு நாள் ராத்திரி பாட்டை ஓடவிட்டு, அவர்கள் வீட்டுக்குள் போய் நின்று கேளுங்க. கேட்காமல் போகிற இடத்தில் குமிழில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்க.