அந்த நூறு ரூபாய் எங்கே போயிற்று?

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் மூவர் இமயமலைச் சரிவிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். ஓட்டலுக்குக் கையில் காசில்லை. கைப்பேசி வழியே ஒரு வீட்டில் அறை பிடித்தோம். நாள் வாடகை 2,000 ரூபாய். வரி 100 ரூபாய். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக்கார அம்மையார் வாளியை நீட்டியபடி, "வரி வாங்கியவர்களைக் கேளுங்கள் பிள்ளைகளே!" என்று சிரித்தார்.

கேட்க வேண்டியது யாரை?

ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டாத சிறு வீட்டுக்காரர் பெரும்பாலான மாநிலங்களில் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்யவேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக முன்பதிவு நிறுவனமே வரியைக் கட்டவேண்டும் என்கிறது சட்டத்தின் 9(5)ஆம் பிரிவு. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். அதில் பாதி மத்திய அரசுக்கு. மறுபாதி வீடு எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலத்துக்கு. தண்ணீர் தந்து குப்பை அள்ளும் ஊருக்கு? நேராக ஒரு காசும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் காணுங்கள். அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 62ஆம் இனத்தில் ஆடம்பர வரியும் கேளிக்கை வரியும் ஒன்றாக இருந்தன. அறை வாடகை மீதான வரியை மாநிலங்கள் ஆடம்பர வரி என்றே வாங்கிவந்தன. 2016-இல் வந்த 101ஆம் திருத்தம் ஆடம்பரத்தை நீக்கிற்று. கேளிக்கையை மட்டும் உள்ளாட்சிகள் விதித்து வசூலிக்கும் அளவுக்கு விட்டுவைத்தது. தமிழ்நாடும் 2017-இல் அதற்கெனத் தனிச்சட்டம் செய்தது. ஆக, மூன்று மணி நேரம் படம் பார்ப்பவனிடம் நகரசபை வரி கேட்கலாம்; மூன்று நாள் தங்கிக் குளிப்பவனிடம் தங்கியதற்கு வரி கேட்க இயலாது!

மாநிலத்தின் பங்கு ஊருக்கு இறங்கிவர முக்கிய வழி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரை. அப்பங்கீட்டில் மக்கள்தொகைக்குப் பெரிய இடம் உண்டு. சுற்றுலா வருபவனோ தண்ணீர் குடிப்பது ஓரிடம், தலை எண்ணப்படுவது வேறிடம். 2018 கோடையில் சிம்லா தண்ணீரின்றித் தவித்த செய்தி நினைவிருக்கலாம். விருந்தினர் குவியும் மாதமும் ஊற்று வற்றும் மாதமும் அங்கே ஒன்றே.

பிரான்சு நாட்டில் 1910 முதலே தங்கல் வரி உண்டு. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சியே விதிக்கிறது. 2019 முதல் முன்பதிவு நிறுவனங்கள் அதை வசூலித்து ஊராட்சிக்கே செலுத்துகின்றன.

நாமும் புதிய வரி போடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாணவன் பையை நானறிவேன். மாநிலத்துக்குப் போகும் அந்த 50 ரூபாயில் பத்துப் பதினைந்தையாவது, தங்கிய இரவுகளின் கணக்குப்படி ஊருக்குத் திருப்பலாம். எந்த வீட்டில் எத்தனை இரவு என்பது நிறுவனத்தின் ஏட்டிலேயே இருக்கிறது. முழுவதையும் கொடுத்துவிடலாகாது, விருந்தினரே வராத மலைக்கிராமம் பிறகு எதை நம்பும்?

புறப்படும்போது அம்மையாரிடம் இக்கணக்கைச் சொன்னேன். "அதுவரை வாளி என்னுடையது" என்றார்.