ஏழாம் நம்பரா, அஞ்சாம் நம்பரா?

'கோல்ஃபா? அது பணக்காரங்க விளையாட்டாச்சே, நமக்கு எதுக்கு?' என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து நாடி பார்க்கும் எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்த நாளிலிருந்து தறிக்காரர்களின் கழுத்து வலியையும் இடுப்பு வலியையும் பார்த்தே காலம் ஓடிவிட்டது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகள் வந்த பிறகு, கொரியாக்காரர், ஜப்பான்காரர்களோடு பழகி நம்மவர்களும் கோல்ஃப் மட்டையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஆட்டம், திங்கட்கிழமை என் வாசலில்!

அப்படி வந்தவர்தான் எங்கள் ஊர்ப் பட்டுப் புடவைக் கடைக்காரர் ஒருவர். வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை. அவருடைய அண்ணன் 55 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். "நடங்க, நடங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மாட வீதியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பத்து நாள்கூட தாங்கவில்லை. நாலடிக்கு ஒருத்தர் நிறுத்தி வியாபாரம் பேசினால் அது நடையா?

பிறகு சென்னை உறவுக்காரர் ஒருவர் அவரை நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். மனிதர் அதில் ஒட்டிக்கொண்டுவிட்டார். 18 குழியும் நடந்தே ஆடி முடித்தால் எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் நடை. வாரத்துக்கு இரண்டு நாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியது, தொப்பை குறைந்தது. எனக்கும் சந்தோஷம்தான்.

எட்டாவது மாதம் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். இடுப்பிலும் பிடிப்பு. உள்பக்க எலும்பு முனையைத் தொட்டதும் "ஆ!" என்றார். தைலம், ஒற்றடம், மூன்று வாரம் ஓய்வு. சரியாயிற்று. ஆடப் போனார். மறுபடி வலி. மறுபடி தைலம். மூன்றாவது தடவை வந்தபோது கூட வந்த அவர் மனைவி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "வைத்தியரய்யா, வலிக்குதுன்னு இதையும் விட்டுட்டா மறுபடி கல்லாவே கதின்னு உட்கார்ந்துடுவாரு. அவங்க அண்ணன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாரு."

இதற்கு என்ன தைலம் கொடுப்பது? அடுத்த ஞாயிறு நானே கிளம்பிப் போனேன், இவர் அங்கே என்னதான் செய்கிறார் என்று பார்க்க.

ஏழு குழி வரை ஒன்றும் பிடிபடவில்லை. எட்டாவதில் பிடிபட்டது. குழி இருக்கும் புல்தரை சுமார் 150 கஜம் தள்ளி. (கஜம் என்றதும் ஆறு கஜம், ஒன்பது கஜம் புடவை ஞாபகம் வருகிறதா? அதே கஜம்தான்.) பை தூக்கும் கேடி, நம்மூர் அர்த்தத்துக் கேடி அல்ல, ஆட்டக்காரருக்கு மட்டை எடுத்துக் கொடுப்பவர், சொன்னார்: "சார், காத்து எதிர்ல வருது. ஏழு பத்தாது. அஞ்சு எடுங்க, மெதுவா அடிங்க." நம்மவர் கூட ஆடிய இளைஞனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கையில் ஏழாம் நம்பர். "ஏழே குடுப்பா" என்றார். பல்லைக் கடித்து, இடுப்பை முறுக்கி, ஓங்கி ஒரு அடி! மட்டை பந்துக்கு முன்னால் மண்ணில் இறங்கியது. பந்து பாதி தூரம் போயிற்று. கை தானாக முழங்கையைத் தடவியது.

வியாதி முழங்கையில் இல்லை, மட்டை எடுப்பதில் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

நம்பர் ரகசியம்

மட்டை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு மட்டைகளில் நம்பர் ஏற ஏற முகத்தின் சாய்வு அதிகமாகும், தண்டு குட்டையாகும். பந்து உயரப் போகும், ஆனால் கிட்டத்தில் விழும். நீளமான டிரைவரின் சாய்வு ஏறக்குறைய 10 டிகிரி. ஏழாம் நம்பருக்கு 30 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். மணல் குழியிலிருந்து எடுக்கிற வெட்ஜுக்கு 56 அளவில். பக்கத்துப் பக்கத்து நம்பர்களுக்கு இடையே பத்து, பதினைந்து கஜம் வித்தியாசம். ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைச் சுமந்து ஆடினார்கள். 1938-ல் அமெரிக்காவிலும் அடுத்த வருடம் பிரிட்டனிலும் 14-க்கு மேல் கூடாது என்று விதி வந்தது.

எதற்கு இத்தனை மட்டை? தூரத்தை மட்டை பார்த்துக்கொள்ளட்டும், உடம்பு எப்போதும் ஒரே நிதானத்தில் வீசட்டும் என்பதற்குத்தான். எங்கள் ஊரில் கோர்வை நெய்கிறவர் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று வைத்திருப்பார். ஒரே நாடாவை வைத்து முரட்டடி அடித்தால் கரை சேருமா? சித்த வைத்தியத்திலும் ஒரே சூரணத்தை ஒருத்தருக்குத் தேனில் கொடுப்போம், இன்னொருத்தருக்கு நெய்யில் கொடுப்போம். வயது, உடல் வலிமை, பருவம், நிலம் எல்லாம் பார்த்துத்தான். இதைப் புடவைக் கடைக்காரரிடம் சொன்னபோது, "அதெல்லாம் சரி, அந்தப் பையன் ஏழு எடுக்கறானே" என்றார்! பையனுக்கு வயது 28.

"ஏழாம் நம்பர்ல உங்களுக்கு எவ்வளவு தூரம் போகும்?"

"நூத்தம்பது!"

கேடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விசாரித்தால், 150 போனது ஒரே ஒரு நாள், முதுகுக்குப் பின்னால் காற்று அடித்தபோது. மற்ற நாளெல்லாம் 130. இது எங்களுக்குப் பழக்கமான கதைதான். முந்தின நாள் பட்டினி கிடந்து சர்க்கரை பார்த்துவிட்டு, "110 தான் டாக்டர்" என்று சீட்டை நீட்டுவார்கள். நான் மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி எங்கே என்பேன். மட்டைக்கும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் பத்து பந்து அடித்து, நன்றாகப் போன இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் தூரத்தை நோட்டில் எழுதச் சொன்னேன். கணக்குப் போடுகிற மனிதர், எழுதினார். எழுதியதைப் பார்த்து ஒரு நாள் பூரா பேசவில்லை என்று வீட்டம்மா சொன்னார்.

ஜுரம் கண்ட உடம்பும் ஜெயிக்கும்

தூரம் குறைந்தால் மானம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு பெங்களூர்ப் பெண் அதிதி அசோக்கைக் காட்டுவேன். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ். சில வாரங்கள் முன்புதான் அவருக்குக் கொரோனா வந்து உடம்பு இளைத்திருந்தது. அடியின் தூரமும் குறைந்திருந்தது. உலகத் தரவரிசையில் 200-வது இடம். ஆடிய 60 பேரில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். மற்றவர்கள் குட்டை இரும்பு எடுக்கிற இடத்தில் இவர் கூச்சமில்லாமல் நீள மட்டை எடுத்தார். நேராக அடித்தார், குழிக்குப் பக்கத்தில் வந்ததும் புட்டரில் பிரமாதப்படுத்தினார். நாலாவது இடம்! வெண்கலம் ஒரே ஒரு அடியில் தவறியது. அவருக்குப் பை தூக்கிய கேடி யார் தெரியுமா? அவருடைய அம்மா.

கேடி சொல்வதைக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்தவர்.

முழங்கை ஏன் கெடுகிறது?

எட்டாத மட்டையை எடுத்தால் மனசு முதலில் கையை இறுக்கும். பிடி இறுகியதும் முன்கைத் தசை கல்லாகிவிடும். அந்த நேரத்தில் மட்டை தரையில் மோதினால் அதிர்ச்சி நேரே முழங்கைத் தசைநாருக்குப் போகிறது. உள்பக்கம் வலித்தால் 'கோல்ஃபர்ஸ் எல்போ' என்பார்கள். ஆனால் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு வெளிப்பக்கமும் வலிக்கும், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். வேகம் போதவில்லை என்று இடுப்பைத் தாங்காத அளவு முறுக்குவதால் அடிமுதுகும் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒரு மட்டை பெரிதாகவே எடுங்கள், முக்கால் வேகத்தில் வீசுங்கள். மூன்று, நாலாம் நம்பர் இரும்பை வீட்டில் வைத்துவிட்டு ஹைப்ரிட் வாங்கிக்கொள்ளுங்கள், பந்தைத் தூக்கிவிடுவது அதில் சுலபம். எஃகுத் தண்டைவிட கிராஃபைட் தண்டு எடை குறைவு, அதிர்வும் குறைவு. கோடையில் தரை கட்டாந்தரையாக இருக்கும்போது மண்ணைத் தோண்டுகிற அடி வேண்டவே வேண்டாம். நீளப் புல்லில் பந்து சிக்கினால் புல் மட்டையைச் சுற்றி மணிக்கட்டை முறுக்கும். வெட்ஜ் எடுத்துப் பக்கவாட்டில் வெளியே தட்டிவிடுங்கள். ஒரு அடி நஷ்டம், அவ்வளவுதான். கொடியையே குறி வைக்காமல் புல்தரையின் நடுவைக் குறி வைப்பவர் மணல் குழியில் கால் புதைத்து நிற்க வேண்டியிருக்காது.

வலி வந்துவிட்டால் முழு வீச்சை நிறுத்துங்கள். உளுந்துத் தைலத்தை இளஞ்சூட்டில் தடவி, நொச்சி இலை வதக்கி ஒற்றடம் கொடுக்கலாம். வலி அடங்கியதும், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் மெள்ள மெள்ள இறக்குங்கள், பத்து தடவை. தசைநார் பலப்படும். கை மரத்துப்போனாலோ, வீக்கம் வந்தாலோ, காலுக்கு வலி இறங்கினாலோ தைலத்தை நம்பி உட்காராதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். மார்பு அழுத்தினால் ஆட்டத்தைப் பாதியில் விட்டு உடனே ஆஸ்பத்திரி.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நாலு மணி நேரம் நடக்கக் கூடாது, சர்க்கரை தடாலென்று இறங்கும். மிளகு, சீரகம், சுக்கு போட்ட எங்கள் ஊர் இட்லி இரண்டு சாப்பிட்டுப் போங்கள். பையில் வாழைப்பழம், நாலு மிட்டாய், தண்ணீர் இருக்கட்டும். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள், ஷூ கடித்திருப்பதே தெரியாமல் போகலாம்.

நம் புடவைக் கடைக்காரர் ஆறு வாரம் கழித்து மறுபடி இறங்கினார், கையில் அஞ்சாம் நம்பரோடு. நடுவில் ஒரு தரம் பந்தயம் என்று பழைய வேலையைக் காட்டி ஒரு வாரம் படுத்தார். அதை விடுங்கள். போன மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தவர், அங்கிருந்து போன் செய்தார். 1895-ல் ஆரம்பித்த பழைய கோல்ஃப் கிளப் அங்கே இருக்கிறது.

"வைத்தியரே! ஏழாம் நம்பர்ல நூத்தம்பது போயிடுச்சு! ரெண்டு தடவை!"

"கை வலிக்குதா?"

"இல்லவே இல்ல. மெதுவாத்தான் அடிச்சேன்."

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம், காற்று லேசு, பந்து அங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும் என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்போ நந்தனத்துல?"

"அஞ்சுதான்."